வாசகர் கேள்வி – பதில்: உத்தரவாத அட்டையும் சிக்கிக்கொள்ளும் தோட்டாவும்

கைத்துப்பாக்கிக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் என்பது பழுது பார்த்துத் தருவதற்கான வாக்குறுதியே தவிர, பணத்தைத் திருப்பித் தருவதற்கான வாக்குறுதி அன்று எனச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரி பலருக்குப் போதவில்லை என்பது வந்திருக்கும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. அவற்றில் ஐந்தைச் சுருக்கி, நிறுவனங்களின் பெயர்களை நீக்கி இங்கே தருகிறேன்.

கேள்வி: நகைக்கடை வைத்திருக்கிறேன். தற்காப்புக்காகச் சென்ற ஆண்டு பாயிண்ட் 32 பிஸ்டல் ஒன்று வாங்கினேன். பயிற்சிக் களத்தில் சுடும்போது ஏறத்தாழப் பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை வெற்றுக்கூடு வெளியே விழாமல் ஸ்லைடில் (துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் ஓடும் பாகம்) சிக்கி நிற்கிறது. விற்பனையாளர் மூலம் இரண்டு முறை தொழிற்சாலைக்கு அனுப்பினேன். இரண்டு முறையும் "பழுது ஏதும் காணப்படவில்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. "உங்கள் கைப்பிடிதான் சரியில்லை" என்கிறார் விற்பனையாளர். ஓராண்டு உத்தரவாதம் முடிய இன்னும் இரண்டு மாதமே உள்ளது. நான் என்ன செய்ய வேண்டும்? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், தொழிற்சாலை சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சிக்கும் துப்பாக்கியைப் பணிமனையில் பத்துத் தோட்டா மட்டும் சுட்டுப் பார்த்தால், ஒருமுறைகூடச் சிக்காமல் போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு. இருபது சுட்டால்கூட எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதிலும் அங்கே சுடுபவர் நாள்தோறும் சுடுகிறவர், தோட்டா அவர்களுடையது, பல வேளைகளில் மேகசினும் (தோட்டாக்களை நிரப்பிச் செருகும் பெட்டி) அவர்களுடையது. உங்கள் மேகசினை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் அனுப்பியிருந்தீர்கள் என்றால், குற்றவாளியை வீட்டில் வைத்துக்கொண்டு சாட்சியை மட்டும் விசாரணைக்கு அனுப்பியது போலத்தான். காவல்துறையின் ஆயுதப் பணிமனையில் நான் பணியாற்றிய காலத்தில் "சார், ஜாம் ஆகிறது" என்று எவர் வந்தாலும், பிஸ்டலைத் தொடுவதற்கு முன் மேகசினைத்தான் கேட்டு வாங்குவோம்.

தானியங்கிக் கைத்துப்பாக்கி சிக்குவதற்கான காரணங்களை நான்கு இடங்களில் தேட வேண்டும்: துப்பாக்கி, மேகசின், தோட்டா, சுடுபவரின் கை. வெற்றுக்கூடு புகைபோக்கியைப் போல நிமிர்ந்து நின்றுவிடுவதற்கு கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி தேய்ந்திருப்பதோ, அதன் அடியில் கரி அடைந்திருப்பதோ காரணமாகலாம், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் வளைந்திருக்கலாம், ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கலாம், தோட்டாவின் மருந்து வலுவற்றதாக இருக்கலாம். ஸ்லைடு பின்னோக்கி ஓடும்போது கைப்பிடியோடு கூடிய சட்டகம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டகமும் சேர்ந்து பின்னால் வந்து, ஸ்லைடு முழு தூரம் ஓடாமலே திரும்பிவிடும். எனவே விற்பனையாளர் சொன்னது முற்றிலும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்காமல் சொன்னார் என்பதுதான் என் வருத்தம். உங்கள் துப்பாக்கியை, உங்கள் மேகசினோடு, களத்தின் பயிற்றுநர் ஒருவர் உங்கள் முன்னிலையிலேயே சுட்டுப் பார்த்தால் அந்தக் கேள்வி அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அவர் கையிலும் சிக்கினால், "கைப்பிடி" என்ற வாதம் அன்றோடு முடிந்தது.

பாயிண்ட் 32 பிஸ்டலுக்கு மட்டும் உரிய வினோதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1899 இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த 7.65 மில்லிமீட்டர் தோட்டாவின் அடிவிளிம்பு, உடலைவிடச் சற்றே அகலமானது. மேகசினில் நிரப்பும்போது மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், அது முன்னோக்கி நகராது. சுடுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் துப்பாக்கி நின்றுவிடும். ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்குக் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து நிரப்புங்கள். இது உங்கள் வெற்றுக்கூடு சிக்கலிலிருந்து வேறானது என்றாலும், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் புகார் எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்துச் செய்ய வேண்டியது, ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்குவது. மேகசின்களின் அடியில் 1, 2 என்று வண்ணத்தால் எண் இடுங்கள். சுடும் நாள், தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), எந்த மேகசின், எத்தனையாவது தோட்டாவில் நின்றது, எப்படி நின்றது (கூடு நிமிர்ந்து நின்றதா, அடுத்த தோட்டா வெடிக்கும் இடமான சேம்பருக்குள் ஏறவில்லையா, தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் அடித்தும் வெடிக்கவில்லையா) ஆகியவற்றை அன்றைக்கே எழுதி, ஆபத்தில்லாத நிலையில் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் சில, புதுத் துப்பாக்கியை முதலில் நானூறு ஐந்நூறு தோட்டா சுட்டுப் பழக்கிய பிறகே குறை சொல்ல வேண்டும் என்று எழுதுகின்றன. உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாகூட வாங்க முடியாத நம் ஊர்க்காரருக்கு அது நடக்கக்கூடிய காரியம் அன்று. அதற்கு மாறாக நமக்கு ஒரு வசதியும் உண்டு: வாங்கிய ஒவ்வொரு தோட்டாவும் விற்பனையாளரின் பதிவேட்டிலும் உங்கள் உரிமத்திலும் ஏறியிருக்கிறது. எத்தனை சுட்டு எத்தனை சிக்கியது என்பதற்கு உங்களைவிட நம்பத்தகுந்த சாட்சியை அரசே எழுதி வைத்திருக்கிறது.

லாட் எண்ணை வலியுறுத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. முன்பு துப்பாக்கியும் தோட்டாவும் மத்திய அரசின் படைக்கல வாரியம் என்ற ஒரே குடையின் கீழ் இருந்தன. 2021 அக்டோபர் 1 முதல் அந்த வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தது. கான்பூர், இச்சாப்பூர், நம் திருச்சி ஆகிய இடங்களின் துப்பாக்கித் தொழிற்சாலைகள் ஒரு நிறுவனத்திடமும், தோட்டா செய்யும் தொழிற்சாலைகள் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்திடமும் சென்றன. தனியார் துப்பாக்கி வாங்கியவருக்கும் நிலைமை இதேதான்: துப்பாக்கிக்கு ஒருவர், தோட்டாவுக்கு வேறொருவர். இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, நடுவில் நிற்பவர் வாடிக்கையாளர். இரண்டு வெவ்வேறு லாட் தோட்டாக்களிலும் அதே கோளாறு வருகிறது என்று உங்கள் நோட்டுப் புத்தகம் காட்டினால், அந்த விளையாட்டுக்கு இடமில்லை.

இவை கையில் வந்ததும், உத்தரவாதம் முடிவதற்கு முன்பாகவே, நிறுவனத்துக்கும் விற்பனையாளருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னதை எவரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடிதத்தில் துப்பாக்கியின் எண், வாங்கிய நாள், முன்பு இரண்டு முறை அனுப்பிய விவரம், நோட்டுப் புத்தகப் பக்கங்களின் நகல் ஆகியவற்றை இணைத்து, இந்த முறை இரு மேகசின்களும் உடன் வருகின்றன என்றும், எத்தனை தோட்டா சுட்டுப் பார்த்தார்கள், எந்தத் தோட்டா என்பதை எழுத்தில் தர வேண்டும் என்றும் கேளுங்கள். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் எண்ணுடன் கூடிய ரசீது இல்லாமல் கடையை விட்டு வெளியேறாதீர்கள். பழுது பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால், தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் ஸ்பிரிங்கை வெட்டச் சொல்வது போன்ற யோசனைகளுக்குக் காது கொடுக்காதீர்கள். அது உத்தரவாதத்தையும் கெடுக்கும், உரிமத்தையும் கெடுக்கும்.

மூன்றாவது முறையும் பயனில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தொழிற்சாலை எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐம்பது லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருள்களுக்கு மாவட்ட ஆணையமே போதும்; ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். குறையை நீக்கவும், வேறு பொருள் தரவும், விலையைத் திருப்பித் தரவும் ஆணையம் உத்தரவிட முடியும். பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து வைப்பது நல்லது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ஃபயரிங் பின் அடித்தும் வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது விநாடியாவது காத்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா அரிது. அரிது என்பதால்தான் ஆட்கள் அதை மறந்துபோகிறார்கள்.

கேள்வி: என் பிஸ்டலின் சட்டகத்தில் விரிசல் கண்டு தொழிற்சாலைக்கு அனுப்பினேன். பழுது பார்க்க இயலாது, அதே மாதிரியில் வேறொன்று தருகிறோம் என்கிறார்கள். மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளலாமா? (சேலையூர் வாசகர்)

பதில்: வாங்கிக்கொள்ளலாம், ஆனால் காகிதம் முதலில், துப்பாக்கி பிறகு. ஒரு கைபேசியையோ குளிர்சாதனப் பெட்டியையோ மாற்றித் தருவது போன்றதன்று இது. உங்கள் உரிமத்தில் ஏறியிருப்பது பழைய துப்பாக்கியின் எண். புதிய எண் உள்ள துப்பாக்கி, நிறுவனம் அதை இலவசமாகத் தந்தாலும், சட்டத்தின் பார்வையில் வேறோர் ஆயுதம். உரிமம் வழங்கிய அதிகாரி பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைப் பதிந்து தந்த பிறகே அது உங்கள் கைக்கு வர வேண்டும். சென்னை நகரத்தாருக்கு அந்த அதிகாரி மாநகரக் காவல் ஆணையர். தாம்பரமும் ஆவடியும் 2022 முதல் தனி ஆணையரகங்கள் ஆகிவிட்டதால், சேலையூர்க்காரரான நீங்கள் பழைய பழக்கத்தில் சென்னை ஆணையர் அலுவலகம் உள்ள வேப்பேரிக்குப் போய் வரிசையில் நிற்பதற்கு முன், உங்கள் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திடமிருந்து பெற வேண்டிய கடிதத்தில், இந்த எண்ணுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெற்று வைத்துக்கொண்டோம், அதற்குப் பதிலாக இந்த எண்ணுள்ளதைத் தருகிறோம் என்று இரண்டு எண்களும் தெளிவாக இருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தில் 2019 இல் செய்த திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருந்து, பழைய எண் நீக்கப்படாமலே புதியது ஏறிவிட்டால், கணக்கில் மூன்றாக நிற்கும். அந்தச் சிக்கலை அவிழ்ப்பதைவிட விரிசல் விட்ட துப்பாக்கியை ஒட்டவைப்பது எளிது.

புதியதற்கு உத்தரவாதக் காலம் முதலிலிருந்து தொடங்குமா, பழையதன் மிச்சம்தானா என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரிவால்வரை மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பெற்றேன். உருளையிலும் குழலிலும் துரு. தோல் உறையோடு கொடுத்திருந்தேன். உத்தரவாதத்தில் சரிசெய்து தருவார்களா? (திருவான்மியூர் வாசகர்)

பதில்: தரமாட்டார்கள். துருவையும் பராமரிப்புக் குறையையும் உத்தரவாதத்திலிருந்து விலக்கி வைப்பது உற்பத்தியாளர்களின் பொது வழக்கம். கடற்காற்று வீசும் திருவான்மியூரில் தோல் உறைக்குள் துப்பாக்கியை வைத்திருப்பது, ஈரத்துணியில் சுற்றி வைப்பதற்குச் சமம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் உண்டு. அடுத்த முறை ஒப்படைக்கும் முன் எண்ணெய் பூசி, உறையில்லாமல், ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்தோடு கொடுங்கள். சட்டம் இடமளிக்கும் இடங்களில், உரிமம் பெற்ற விற்பனையாளரின் ஆயுத அறையில் கட்டணம் கட்டி வைப்பது மேல். இப்போதைக்கு, மேற்பரப்புத் துருவை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் நீக்கித் தருவார். குழலின் உட்புறத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்லும் வரை சுட வேண்டாம்.

கேள்வி: என் தங்கை மகன் டல்லாஸில் இருக்கிறான். அவன் வாங்கிய பிஸ்டலுக்கு நிறுவனம் "விருப்பத்தின்பேரில் மேம்படுத்தித் தரும் திட்டம்" என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. கார்களைப் போலத் திரும்பப் பெறுகிறோம் என்று ஏன் சொல்லவில்லை? அனுப்பி வைக்கலாமா? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: அனுப்பி வைக்கச் சொல்லுங்கள் அம்மா, அது திரும்பி வரும் வரை வேறெதையாவது பயன்படுத்தட்டும். சொல்லைப் பற்றிய உங்கள் கேள்விதான் சுவையானது. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி உத்தரவிட அரசின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உண்மைத் துப்பாக்கியில் குறை இருந்தால் அந்த அதிகாரம் இல்லை. 1972 இல் அந்த ஆணையத்தை உருவாக்கிய சட்டமே துப்பாக்கியையும் தோட்டாவையும் விலக்கி வைத்துவிட்டது. எனவே திரும்பப் பெறுவதா, என்ன பெயரில் பெறுவது, எதை மாற்றுவது என்பதெல்லாம் உற்பத்தியாளரின் முடிவு.

சில நிறுவனங்கள் பச்சையாகவே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ரூகர் 2008 இல் தன் சிறிய எல்.சி.பி. பிஸ்டல்களையும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2020 நவம்பரில் சில ஷீல்டு ஈ.இசட். பிஸ்டல்களையும் திரும்பப் பெறுவதாகவே அறிவித்தன. சிக் சாவர் நிறுவனத்தின் பி 320 இன் கதை வேறு. அமெரிக்கத் தரைப்படை 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்த பிஸ்டல் அது. அதே ஆண்டு ஆகஸ்டில், குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் சுட்டுவிடுகிறது என்று சோதனைகள் காட்டியபோது, அந்நிறுவனம் அறிவித்தது "விருப்பத்தின்பேரிலான மேம்பாடு". விசையை (டிரிகரை) தொடாமலே வெடித்தது என்ற வழக்குகள் பிறகும் தொடர்ந்தன. 2024 இல் ஜார்ஜியாவில் ஒரு நடுவர் குழு 23.5 லட்சம் டாலரும், பிலடெல்பியாவில் மற்றொன்று 1.1 கோடி டாலரும் பாதிக்கப்பட்டவர்களுக்கு வழங்கச் சொன்னது. விசையை இழுக்காமல் அது சுடாது என்பதே இன்றளவும் நிறுவனத்தின் வாதம். 2025 ஜூலையில் அமெரிக்க விமானப்படைத் தளம் ஒன்றில் வீரர் ஒருவர் இறந்தபோது, அதன் ராணுவ வடிவத்தின் பயன்பாட்டை ஒரு படைப்பிரிவு நிறுத்தி வைத்தது. பின்னர் வேறொரு வீரர் பொய் வாக்குமூலம் உள்ளிட்ட சந்தேகங்களின்பேரில் கைதானார், பயன்பாடும் மீண்டும் தொடங்கியது. முதல் நாள் செய்தியை வைத்துத் துப்பாக்கி மீதும் தீர்ப்பு எழுதக் கூடாது, நிறுவனத்தின் சார்பிலும் எழுதக் கூடாது.

குற்றவாளிகள் துப்பாக்கியைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுப்பதை 2005 ஆம் ஆண்டின் சட்டம் பெருமளவு தடுக்கிறது. ஆனால் பொருளின் குறைபாட்டுக்கும் உத்தரவாத மீறலுக்கும் அச்சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. அயோவா மாநிலத்துக் காவலர் ஒருவர் தொடுத்த வழக்கின் விளைவாக, பிரேசிலின் டாரஸ் நிறுவனம் 2015 இல் ஒன்பது பிஸ்டல் மாதிரிகளுக்குச் சமரசத்துக்கு வந்தது இந்த வழியில்தான். அங்கே அரசு செய்யாததை வழக்கு செய்கிறது. மெதுவாகச் செய்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் தங்கை மகன் நம் அண்ணா நகர் வாசகரைவிடக் கொடுத்துவைத்தவர். அங்குள்ள கூட்டரசுச் சட்டப்படி உரிமையாளரே பழுதான துப்பாக்கியை நேராகத் தொழிற்சாலைக்கு அனுப்பலாம். தொழிற்சாலையும் பழுது பார்த்ததையோ, அதே வகையில் மாற்றியதையோ நேராக வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். ஆனால் கூரியர் நிறுவனங்கள் தனியாரிடமிருந்து கைத்துப்பாக்கியை ஏற்க மறுப்பதால், நிறுவனத்திடமே முன்பணம் கட்டிய அனுப்புச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதன்படி மட்டும் அனுப்பட்டும். தான் மாற்றிப் பொருத்திய பாகங்கள் ஏதும் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதட்டும். பணிமனையில் அதை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: மகள் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சி செய்கிறாள். இரண்டாம் கையாக வாங்கிய ஜெர்மன் பிஸ்டலில் காற்று கசிகிறது. உத்தரவாதம் கோர முடியுமா? இதற்கு உரிமம் வேண்டுமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆகவே பழுது பார்க்கக் கொடுப்பதும் எளிது. உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கே உரியது. அவருடைய ரசீது கிடைத்தால் இந்தியாவில் உள்ள விநியோகஸ்தரிடம் கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். கசிவுக்குப் பெரும்பாலும் சில நூறு ரூபாய் பெறும் ரப்பர் வளையமே காரணமாக இருக்கும். அதைவிட முக்கியம், காற்று உருளையில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதி. 200 பார் அழுத்தம் தாங்கும் அந்த உருளைகளுக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள்; பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியும் அதையே சொல்கிறது. தேதி கடந்திருந்தால் வளையத்துக்குச் செலவழிக்காமல் உருளையையே மாற்றுங்கள். பழுது முடிந்து வந்ததும் விசையை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று களத்திலுள்ள எடைக்கல்லால் சோதித்துக்கொள்ளுங்கள். திறந்து மூடும்போது விசையின் திருகுகள் இடம் மாறியிருந்தால், போட்டி நாளன்று உபகரணச் சோதனையில்தான் அது தெரியவரும்.